பாலம் திறப்பதற்கு முன்

ஹோல்ட் பண்ணை,
3 மார்ச் 1974

அன்புள்ள டாக்னிக்கு,

அக்கா யோருன் எழுதுவது. உனக்கும் உன் வீட்டுக்காரர் ஈவருக்கும் ஆண்டவன் நல்ல சுகத்தைத் தரட்டும். நாங்கள் சுகம். உன் அத்தான் பெர்கூருக்கு மட்டும் முதுகுவலி. அது அவர் ஆசையாக வளர்க்கிற வலி, விடமாட்டார். ஆடுகள் எல்லாம் சினையாக இருக்கின்றன. வைக்கோல் மே மாதம் வரை தாங்கும்.

பதினொரு வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரி எழுதியவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று பயப்படாதே. யாரும் சாகவில்லை. எனக்கு வண்டி ஓட்டும் உரிமம் கிடைத்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில்! பரீட்சை வைத்த ஹோப்ன் ஊர் அதிகாரி, "எதுக்கும்மா இந்த வயசுல?" என்றார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போகணும். ப்ரெக்கா பண்ணை."

அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கந்தானே? ஜூலையில பாலம் தொறக்கிறாங்க. அரைமணியில போயிடலாமே!"

"அதுக்கு முன்னாடி போகணும்."

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் கறுப்பு மணலும் அந்த ஆறும்தான். சாலையோ தீவை முழுக்கச் சுற்றிவிட்டு இந்தக் கரையில் ஒரு முனையும் அந்தக் கரையில் ஒரு முனையுமாக நிற்கிறது. ஆகவே நான் கிழக்கே கிளம்பி, வடக்கே ஏறி, மேற்கே இறங்கி, தெற்குக் கடற்கரை வழியாக உன் வாசலுக்கு வருவேன். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். ஒரு பழைய ருஷ்ய ஜீப் வாங்கியிருக்கிறேன். ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறது, ஆனால் எஞ்சின் நல்ல குணம். ஆடுகள் குட்டி போட்டு முடிந்ததும் ஜூன் முதல் வாரம் புறப்படுகிறேன்.

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். எங்கள் பக்கம் ஒரே கம்பிதான் என்று உனக்குத் தெரியும். ஒருத்தி பேசினால் ஒன்பது வீடு கேட்கும். நீ என்னைத் திட்டினால் அதை நான் மட்டும் வாசிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பதில் போடு.

என்றும் உன் நலம் கேட்கும் அக்கா,
யோருன்


ப்ரெக்கா,
24 மார்ச் 1974

அக்காவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. நான் சுகம், ஈவரும் சுகம். பெர்கூரின் முதுகுக்குச் சுறா எண்ணெய் தடவச் சொல்.

உனக்கென்ன பைத்தியமா? மூன்று மாதம் பொறுத்தால் அரைமணி நேரப் பயணம். அதற்குப் போய்த் தீவையே சுற்றுவாளாம், கயிறு கட்டிய கதவோடு! வடக்கு மலைகளில் ஜூனிலும் பனி கிடக்கும். வழியில் எங்காவது கவிழ்ந்து கிடந்தால் உன்னைத் தேடுவதற்கு ஆள் திரட்ட வேண்டியவர்களும் நாங்கள்தான்.

வரத்தான் வேண்டும் என்றிருந்தால் உங்கள் புல்வெளியில் வாரம் இரண்டு முறை விமானம் இறங்குகிறதே. பதினொரு வருடமாக இறங்குகிறது. நீ ஏறியதாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கும் கை ஒழியவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குக் கஞ்சிப் பானை ஏற்றினால் இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை உட்கார நேரமில்லை. விருந்தாளி தாங்காது.

அம்மாவுக்காக வராதவள் எனக்காக வர வேண்டாம். அன்றைக்கு ஞாயிறு மாலை வரை அம்மாவின் சவப்பெட்டியை மூடாமல், ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மறந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டாக்னி


ஹோல்ட்,
25 ஏப்ரல் 1974

அன்புள்ள டாக்னிக்கு,

கோடைத் தொடக்க நாள் வாழ்த்துகள். வெளியே பனி கொட்டுகிறது, அதனால் என்ன, நாள்காட்டியில் கோடைதான். உன் உடம்பு எப்படி? ஐந்து மணிக்கு எழுந்து யாருக்காகவம்மா அவ்வளவு பெரிய பானை ஏற்றுகிறாய்? உங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

நீ 1963 நவம்பரில் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "பாலம் போட்டுக் காலடியில் விரித்தால் நீ வருவாய், அதுவரை வரமாட்டாய்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்குப் பாலம் என்பது யாரும் நம்பாத பேச்சு. இப்போது உண்மையிலேயே போட்டுவிட்டார்கள். அது திறந்த பிறகு நான் வந்தால் நீ எழுதியது சரியாகிவிடும். என் ஆயுசுக்கும் சரியாகிவிடும். அதனால்தான் முன்பே வருகிறேன்.

விமானத்தில் ஏன் வரவில்லை என்கிறாய். ஏறி உட்கார்ந்தால் தபால் மூட்டையைப் போல யாரோ தூக்கிவந்து போடுவார்கள். அது வந்ததாகாது. இந்தத் தடவை என் கையால் ஓட்டி வர வேண்டும்.

ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று பெர்கூர் கால்நடை மருத்துவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் பண்ணை தோரா நடுவில் புகுந்து, "குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க பெர்கூர், யோருன் கிளட்ச்ச மிதிக்காமலே கியர் மாத்துறா, எங்க வீட்டு மாடு மெரளுது" என்றாளாம். உடனே இன்னொரு குரல், "மலைச் சரிவுல ரெண்டாவது கியர்லயே போகச் சொல்லுங்க!" மருத்துவர் பேச வந்ததை மறந்தே போனார். பெர்கூர் தடுக்கவில்லை. "பெட்ரோல் தீந்துபோச்சுன்னா உன் பிடிவாதத்த ஊத்தி ஓட்டு, ஊரச் சுத்தி வந்தாலும் மிச்சமிருக்கும்" என்றதோடு சரி.

ஈவருக்கு என் விசாரிப்பு.

அக்கா யோருன்


ப்ரெக்கா,
19 மே 1974

அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன், வராதே. ஜூனில் நான் வீட்டில் இருப்பேன் என்று சொல்ல முடியாது. ஏன், எங்கே என்று கேட்காதே.

கேட்கமாட்டாய், புறப்படுவாய். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேனே. அதனால் இதையாவது கேள்: எஞ்சின் விசிறிக்குப் பட்டை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள். டயர் இரண்டு. மணலில் சக்கரம் புதைந்தால் மிதித்துக்கொண்டே இருக்காதே. சக்கரத்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மெல்ல எடு. இதெல்லாம் தெரிந்த ஆண்கள் சொன்னது, என் சொந்தச் சரக்கு இல்லை.

வடக்கே அகுரேரி ஊர்த் தபால் நிலையத்தில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார். கடிதம் இருந்தாலும் இருக்கும்.

டாக்னி


கிழக்குக் கடற்கரை, ஒரு மீனவர் வீட்டில்,
4 ஜூன் 1974

அன்புள்ள டாக்னிக்கு,

நலம். நீயும் நலமாயிரு. புறப்பட்டு இரண்டு நாள் ஆகிறது. ஒன்பது வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள். தோரா காய்ந்த மீனும் வெண்ணெயும் கட்டிக் கொடுத்தாள். கண்ணீர் வேறு, நான் திரும்பிவரமாட்டேன் என்று தீர்மானித்துவிட்டாள் போலிருக்கிறது.

இங்கே சாலை என்பது மலைச் சரிவில் கீறிய ஒரு கோடு. ஒரு பக்கம் உருளக் காத்திருக்கும் கல், மறுபக்கம் நேரே கடல். கைப்பிடிச் சுவர் கிடையாது. நேற்று ஒரு வளைவில் எதிரே மீன் லாரி வந்து மூக்கோடு மூக்கு நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "பின்னாடி எடும்மா!" என்றான்.

"எடுக்கத் தெரியாது. நீ எடு!"

"தெரியாதா? பின்ன எப்படி லைசன்ஸ் குடுத்தாங்க?"

"முன்னாடி போறதுக்குக் குடுத்தாங்க!"

அரைக் கிலோமீட்டர் அவன் பின்பக்கமாகவே ஓட்டிப் போனான். கடந்துபோகும்போது தொப்பியைக் கழற்றினான், மரியாதையா கேலியா தெரியவில்லை. நான் அடுத்த மீனவர் வீட்டிலேயே நிறுத்திவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள், காப்பி கொடுத்துப் படுக்கையும் போட்டார்கள். நாளை பயமாக இருந்தாலும் புறப்படுவேன்.

யோருன்


மீவாட்ன் ஏரி,
8 ஜூன் 1974

அன்புள்ள டாக்னிக்கு,

சுகம்தானே? நான் சுகம். முதுகு மட்டும் பெர்கூருடைய முதுகாகிவிட்டது.

இரண்டு நாளாக மேட்டுநிலப் பாலை. புல்லும் இல்லை, ஆடும் இல்லை, சாம்பல் நிறக் கல் மட்டும். விசிறிப் பட்டை அறுந்தது. நீ சொன்னது கையில் இருந்ததால் பிழைத்தேன். அதை நானே மாட்டினேன், ஒரு மணி நேரம் ஆயிற்று. இங்கே நிலமே கொதிக்கிறது. சேறு குமிழியிட்டுக் கந்தகம் நாறுகிறது, அந்தச் சூட்டு மண்ணில் பாத்திரத்தைப் புதைத்து ரொட்டி சுடுகிறார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டம்மா ஒரு துண்டு கொடுத்தாள், இனிப்பாக இருந்தது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்து கிடக்கிறது. நேற்று நின்றதுபோல் இருக்கிறது, இருநூறு வருடம் ஆகிறதாம்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். நேரில் வந்து சொல்லத்தான் இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று பயம் வந்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அன்று உன் தந்தி வந்தது: அம்மா போய்விட்டாள், சனிக்கிழமை அடக்கம். வெள்ளிக்கிழமை காலை நானும் வழிகாட்டி ஆரியும் குதிரைகளோடு ஆற்றங்கரைக்கு வந்தோம். ஆற்றில் வெள்ளம், கடக்க முடியவில்லை என்று உனக்கு எழுதினேன். வெள்ளம் இல்லை, டாக்னி. குதிரையின் வயிறுகூட நனையாத தண்ணீர். ஆரி நடு ஆற்றில் நின்றுகொண்டு, "வா யோருன், பாத்தியா, ஒண்ணுமில்ல, வா" என்று கூப்பிட்டார். இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் நானே கடிவாளத்தை இழுத்துத் திருப்பிவிட்டேன். பயம். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆரியிடம் கெஞ்சினேன், அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். பெர்கூருக்குக்கூடத் தெரியாது.

பாலம் திறந்துவிட்டால் இதை யாரும் கேட்கவே மாட்டார்கள். எனக்கும் சொல்ல வேண்டிய அவசியம் போய்விடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நீ என்னை வீட்டுக்குள் விடுவாயோ மாட்டாயோ, வாசல் வரை வருவேன்.

யோருன்


(அகுரேரி தபால் நிலையத்தில் காத்திருந்தது)

30 மே 1974

அக்காவுக்கு,

இதை நீ வாசித்தால் பாதி வழி வந்துவிட்டாய் என்று அர்த்தம். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

இங்கே எல்லோருக்கும் உன் கதை தெரியும். நீ எங்கெங்கே மாட்டிக்கொள்வாய் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் விவாதம். ஹெல்கி என்று ஒருவர், "மேட்டுநிலத்துல கட்டாயம் பட்டை அறுந்து நிக்கும்" என்கிறார். அவரை அன்று கஞ்சி இல்லாமல் விட்டேன்.

தெற்கே வீக் ஊரைத் தாண்டிய மணலில் காற்று கிளம்பினால் ஓட்டாதே. மணல் கண்ணாடியை மங்கடித்துவிடும், வழி தெரியாது.

திரும்பிப் போ என்று இனி எழுத மாட்டேன்.

டாக்னி


வீக்,
14 ஜூன் 1974

அன்புள்ள டாக்னிக்கு,

நலம், நலமறிய ஆவல். அகுரேரியில் உன் கடிதம் கிடைத்தது. ஹெல்கிக்குக் கஞ்சி கொடு, அவர் சொன்னது நடந்தது. யார் அவர்? உன் சாப்பாட்டு மேசையில் என்ன செய்கிறார்?

ரெய்க்யாவிக்கில் மூன்று சாலை கூடும் இடத்தில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நின்றேன். அங்கேயும் தபால் நிலையத்தில் கேட்டேன், உன் கடிதம் இல்லை. மீவாட்னிலிருந்து எழுதியது உனக்குக் கிடைத்ததா என்றுகூடத் தெரியாது.

இங்கே கறுப்புக் கடற்கரையில் அலை அடிக்கிற சத்தம் அறைக்குள் கேட்கிறது. கடலில் ஊசி ஊசியாகப் பாறைகள் நிற்கின்றன. சாயங்காலம் போய்ப் பார்த்தேன், தண்ணீர் காலடிக்கு வந்தபோது ஓடிவிட்டேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன், நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நாளை காற்றில்லாவிட்டால் உன் வாசல்.

யோருன்


பாலத்தின் மேற்கு முனை,
17 ஜூன் 1974, காலை

டாக்னி,

இந்தச் சீட்டை உன் ஹெல்கி கொண்டுவருகிறார். மேஸ்திரி என்று இப்போதுதான் தெரிகிறது. "நான் பாலம் கட்ட வந்தேனா, தபால் குடுக்க வந்தேனா?" என்கிறார். இன்று தேசிய தினம், வேலை இல்லை, போகட்டும் என்றேன்.

முந்தாநாள் ப்ரெக்காவுக்கு வந்தேன். ஈவர் மட்டும் இருந்தார். நீ ஒன்றரை வருடமாகப் பாலத்துக் கூடாரத்தில் இருபத்திரண்டு ஆட்களுக்குச் சமைக்கிறாய் என்று அவர்தான் சொன்னார். போன வாரம் கூடாரம் கிழக்குக் கரைக்கு மாறிவிட்டதாம். என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்! நான் தீவைச் சுற்றி உன்னிடம் வர, நீ என் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

அம்மாவின் கல்லறைக்குப் போனேன். அதன் பிறகு ஒரு நாள் ப்ரெக்காவிலேயே இருந்தேன். இன்று மணலில் ஓட்டி இங்கே வந்தேன். நடுவில் எண்பது மீட்டருக்கு இன்னும் பலகை போடவில்லை, இரும்பு மட்டும் இருக்கிறது. அதன்மேல் உங்கள் ஆட்கள் நடக்கிறார்கள். நானும் நடந்து வருகிறேன்.

யோருன்


கிழக்கு முனை,
அதே நாள்

அக்கா,

வராதே! கீழே ஆறு பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. போன மாதம் ஒரு ஆள் தடுக்கி விழப் பார்த்தான். ஜூலை வரை ப்ரெக்காவில் இரு. ஈவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார்.

உன் மீவாட்ன் கடிதம் வந்தது. நான்கு தடவை வாசித்தேன், சட்டியில் மீன் தீய்ந்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும், ஈவர் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தெரிந்துகொண்டுதான் அந்தப் பாலம் வார்த்தையை எழுதினேன். எழுதிய நாளிலிருந்து நிம்மதி இல்லை. சமையலுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தபோது அதனால்தான் ஒத்துக்கொண்டேன். நீ வரமாட்டாய் என்று நானே பாலத்தோடு கூடவே வந்துகொண்டிருந்தேன். திறப்பு நாளில் முதல் ஆளாக உன் வாசலில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

இங்கிருந்து உன் சிவப்புத் தொப்பி தெரிகிறது. அங்கேயே நில்.

டாக்னி


மேற்கு முனை

டாக்னி,

காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடந்தால் வழுக்காது என்று ஒருவர் சொல்கிறார். கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

யோ.


கிழக்கு முனை

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதை வாசித்துவிட்டுக் காலை எடுத்து வை.

ஞாயிறு வரை நான் காத்திருக்கவில்லை. பொய். புயல் வருகிறது என்று பாதிரியார் வியாழக்கிழமையே வந்துவிட்டார். வியாழன் மதியம் அம்மாவை மண்ணில் வைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை நீ ஆற்றைக் கடந்திருந்தாலும் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டாய். உனக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. வெள்ளம் என்று உன் கடிதம் வந்ததும் என் குற்றத்தை உன் தலையில் கட்டிவிட்டேன். பதினொரு வருடம் உன்னைச் சுமக்க விட்டேன்.

நீ எனக்கு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த ஆற்றைக் கடக்க உனக்குக் காரணமே இல்லை. கோபமிருந்தால் திரும்பிப் போ, நான் தாங்கிக்கொள்வேன். இரும்பின்மேல் மட்டும் ஏறாதே.

டாக்னி


மேற்கு முனை

டாக்னி,

தெரியும். கல்லறையில் வைத்து ஈவர் சொன்னார். "அந்த வியாழக்கிழமை பேய்க்காற்று, குழி வெட்டவே பெரும்பாடு" என்று சாதாரணமாகச் சொன்னார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, உன் படத்தைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகுதான் வண்டியை இங்கே கொண்டுவந்தேன்.

அம்மா வியாழக்கிழமையே மண்ணுக்குள் போய்விட்டாள், சரி. வெள்ளிக்கிழமை நீ அங்கே இருந்தாயே. தனியாக இருந்தாய். நான் உன்னிடம் வராமல் திரும்பிவிட்டேன்.

ஹெல்கி என் இடுப்பில் கயிறு கட்டிவிட்டார். கீழே பார்க்க வேண்டாம் என்கிறார். உன்னையே பார்த்துக்கொண்டு வருகிறேன். ஓரமாகப் போய் அழாதே, நேரே நில்.

யோருன்